அப்பாவைப் பிடித்த இலாகாவில் நான் சேரலாமா?

கேள்வி: ஐயா, நான் வாகரைப் பக்கம் வேடர் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். வயது 21. உயர்தரம் கலைப்பிரிவில் ஒரு முறை எழுதிச் சித்தியடைந்தேன். பல்கலைக்கழகம் போகப் புள்ளி காணாது. காட்டோடு சம்பந்தப்பட்ட உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே ஆசை. ஆனால் அப்பா தேனெடுக்கப் போன இடத்தில் ஒதுக்குக் காட்டுக்குள் பிடிபட்டுத் தண்டம் கட்டியவர். அதனால் எனக்கு வேலை கிடைக்காது என்று சிலர் சொல்கிறார்கள். "அவங்கட சட்டையைப் போட்டுக்கிட்டு நாளைக்கு எங்களையே பிடிக்க வரப்போறியா?" என்று மாமாமார் கேட்கிறார்கள். பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில், வேடர் உடுப்போடு வெள்ளைக்காரருக்குக் காடு காட்டும் வேலை தருவதாகவும் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது? தங்கச்சி இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள். அவளுக்கும் இதே ஆசைதான்.

பதில்:

அன்புள்ள தம்பி,

சேருங்கள். தயங்கவே வேண்டாம். ஆனால் எந்தப் படியில் போய் நிற்கப் போகிறீர்கள் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதை விட அதுதான் பெரிய விஷயம்.

உங்களை நித்திரை கொள்ள விடாதது மாமாமாரின் கேள்விதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அவர்களோடு கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்களுடைய கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்து, வேட்டையாடி வாழ்ந்த தம்பானை வேடர்கள் அந்த அறிவித்தலோடு தங்கள் காட்டுக்குள்ளேயே அத்துமீறி நுழைபவர்கள் ஆனார்கள். பலர் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தலைவர் திசாஹாமி போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். அவருடைய மகன் வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவாவுக்குப் போய் ஐக்கிய நாடுகள் சபையின் கூட்டத்தில் தன் சனத்தின் கதையைச் சொன்னார். அம்பாறைப் பக்கம் இது இன்னும் முந்திய கதை. கல்லோயாத் திட்டத்தில் சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தபோது வேடரின் வேட்டைக் காடுகள் தண்ணீருக்குள் போயின. 1954 இல் அந்தக் குளத்தைச் சுற்றியிருந்த காடு தேசியப் பூங்காவாகியது. உங்கள் பக்கத்தில் பூங்கா வரவில்லை. ஆனால் சண்டைக்குப் பயந்து ஓடி, திரும்பி வந்து பார்த்தபோது காட்டோரத்தில் எல்லைக்கல் நிற்பதைக் கண்ட ஊர்கள் கிழக்கில் எத்தனையோ. இதையெல்லாம் கண்ட மனிதர்கள் காக்கிச் சட்டையைப் பார்த்து முகம் சுளிக்காமல் என்ன செய்வார்கள்?

சரி, அந்தக் கோபத்தை மதித்துக்கொண்டே ஒன்றை யோசிப்போம். இந்த முடிவுகளை எடுத்த மேசைகளில் வேடர் ஒருவர் உட்கார்ந்திருந்தாரா? எல்லையைக் கீறியவருக்கு அந்தக் காட்டில் தேன் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்குமா? தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் கோடு கொஞ்சமாவது விலகிப் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன். நீங்கள் போக வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

நான் உத்தியோகம் பார்த்த காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். யானைப் பாதைகளைக் குறிப்பதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. கையில் ஜி.பி.எஸ். கருவி, வரைபடம், எல்லாம் இருந்தன. முன்னால் நடந்தவர் வேடர் பெரியவர் ஒருவர், காலில் செருப்புக் கூட இல்லை. ஓரிடத்தில் குந்தி, ஒடிந்து கிடந்த கொப்பை எடுத்து அதன் முறிவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பால் காய்ந்திருந்தது, இலை இன்னும் சுருளவில்லை. பக்கத்தில் கிடந்த லத்தியைக் காலால் பிரித்தார். உள்ளே ஈரம் இருந்தது, சூடு இல்லை. பிறகு அடித்தடத்தின் விளிம்பைக் காட்டினார். இரவுப் பனியில் விளிம்பு தளர்ந்து, மேலே சிறு பூச்சி ஓடிய கோடு இருந்தது. "ராத்திரி முன்சாமம் போயிருக்கு, குட்டியோட. தண்ணிக்குப் போகல்ல, தண்ணியால திரும்பிப் போகுது" என்றார். கொஞ்சத் தூரம் போனதும் மரத்தில் வயிற்றுச் சேறு உரசியிருந்த உயரத்தைக் காட்டினார். அவர் சொன்னது சரி. குழுவினர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். பின்னர் அறிக்கை வந்தது. அதில் அந்தப் பெரியவரின் பெயர் இல்லை. "உள்ளூர் வழிகாட்டியின் உதவியுடன்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அவருக்கு நாட்சம்பளம் கொடுத்தார்கள். கண்டுபிடித்தவர் அவர், பெயர் வேறு யாருக்கோ போனது.

உங்களுக்கு நடக்கக் கூடாது என்று நான் பயப்படுவது இதுதான். பழங்குடிப் பிள்ளைகளைக் காட்டு வேலைக்கு எடுக்க எல்லா நாட்டிலும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். தடம் பார்க்க, தீத்தடுப்புப் பாதை வெட்ட, சாமான் சுமக்க எடுப்பார்கள். தமிழ்நாட்டு இருளரைப் பாருங்கள். 1978 இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து விட்டுவிடும் தொழிலாக மாற்றினார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017 இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைத்து மலைப்பாம்பு பிடிக்கச் சொன்னார்கள். 2023 இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கேட்கவே நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் பாம்பைப் பிடிப்பது இருளர், அந்த விஷத்தை மருந்தாக்கி விற்பது கம்பனிகள். அந்தச் சங்கத்துப் பிள்ளைகள் விஷ ஆய்வுகூடத்தின் உள்ளேயும் போக வேண்டும் என்றுதான் என் மனம் கேட்கிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெனொமினி என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். 1854 இல் ஒதுக்கப்பட்ட தங்கள் நிலத்தில் இன்றுவரை மரம் வெட்டி, மர ஆலை நடத்தி வாழ்கிறார்கள். அப்படியிருந்தும் அன்று நின்றதை விட இன்று கூடுதலான மரம் அங்கே நிற்கிறது. அவர்களுக்குச் சொந்தமாகக் கல்லூரியும் உண்டு. கனடாவில் 2000 ஆம் ஆண்டிலிருந்து பழங்குடி இளைஞர்களைக் கோடைகாலத்தில் காட்டு முகாமுக்கு எடுத்து, சம்பளமும் கொடுத்து, வனத் தொழில் பழக்குகிறார்கள். அவுஸ்திரேலியாவில் பழங்குடியினரைக் காவலர்களாக நிரந்தரச் சம்பளத்தில் அமர்த்தும் அரச திட்டம் 2007 இல் தொடங்கியது. அப்படி ஒன்று இங்கே வரும்வரை காத்திருக்க உங்களுக்கு வயது இல்லை. பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007 இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. ஆனால் உங்கள் பிறப்புச் சான்றிதழில் இலங்கைத் தமிழர் என்றுதான் இருக்கும். ஆதிவாசிகளுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். மற்றவர்களோடு போட்டி போட்டே உள்ளே போக வேண்டும்.

இனி வழியைப் பார்ப்போம்.

காட்டைப் பார்க்க இரண்டு திணைக்களங்கள் உண்டு. ஊரில் இரண்டையும் சேர்த்து "இலாகா" என்றுதான் சொல்வோம். வன இலாகா 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேலை செய்கிறது. வனஜீவராசிகள் திணைக்களம் 1937 ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேலை செய்கிறது, தேசியப் பூங்காக்கள் அதன் கையில். வன இலாகாவில் எடுபட்டால் பயிற்சி நுவரெலியாவில் உள்ள வனவியல் நிறுவகத்தில். வனஜீவராசிகளுக்குப் பயிற்சி நிலையம் கிரித்தலையில். இரண்டிலும் வெற்றிடம் வந்தால் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் போடுவார்கள். பிரதேச செயலகத்திலோ நூலகத்திலோ ஒவ்வொரு கிழமையும் பாருங்கள், தொலைபேசியிலும் பார்க்கலாம். பதவிக்குப் பதவி தகைமை வேறு. சிலவற்றுக்கு விஞ்ஞானப் பிரிவு கேட்பார்கள், சிலவற்றுக்கு எந்தப் பிரிவும் போதும். வெளிக்கள வேலை என்றால் உயரம், உடற்தகுதி, வயதெல்லை எல்லாம் இருக்கும். அறிவித்தலை முழுக்க வாசியுங்கள். யாரோ சொன்னார் என்று விண்ணப்பிக்காமல் விடுவதும், யாரோ வாங்கித் தருவார் என்று காசு கொடுப்பதும் வேண்டாம்.

அப்பா தண்டம் கட்டியது உங்களுக்குத் தடையில்லை. நற்சான்றிதழ் கேட்பது உங்களைப் பற்றி, அப்பாவைப் பற்றி அல்ல. ஆனால் நீங்கள் இப்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஒதுக்குக் காட்டுக்குள் போய் உங்கள் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால், அது உங்கள் கதவைத்தான் அடைக்கும். மான், மரை, உடும்பு விஷயத்தில் இன்னும் கவனம். சிநேகிதர்கள் கூப்பிட்டாலும் போக வேண்டாம்.

உயர்தரம் ஒரு முறைதான் எழுதியிருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறை எழுதலாம். இன்னொரு முறை எழுதுங்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்கிறேன். பெரும்பாலான பாடநெறிகளுக்கு மாணவரை எடுக்கும்போது 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதிப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. புவியியல் உங்கள் பாடமாக இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து, வரைபடக் கணினி வேலையையும் பழகிக்கொண்டவர் ஒருவர் காடு, குளம், யானை எந்தத் திட்டத்துக்கும் தேவைப்படுவார். பட்டம் எடுத்த பிறகு ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியல் மேற்படிப்பும் இருக்கிறது. புள்ளி மறுபடியும் காணாவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். கீழ்ப் பதவியில் சேர்ந்தாலும் படிப்பை விட வேண்டாம். இலாகாவுக்குள் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை வைத்து மேலே எடுப்பார்கள். அதை எழுதாமல் ஒரே கதிரையில் ஓய்வு பெற்ற கெட்டிக்காரர்களை எனக்குத் தெரியும்.

சிங்களம் படியுங்கள். இன்றே தொடங்குங்கள். அரச சேவையில் இரண்டாம் மொழித் தேர்ச்சி எப்படியும் கட்டாயம். அதை விட, கூட்டங்களும் கோவைகளும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடுகின்றன. வாய் திறக்க முடியாமல் பின்வரிசையில் இருந்தால் நீங்கள் அங்கே இருந்தும் இல்லாத மாதிரித்தான். ஆங்கிலம் அறிக்கை வாசிக்கும் அளவுக்காவது வேண்டும்.

அடுத்தது எந்தப் பாடசாலையிலும் கிடைக்காதது. ஒரு கொப்பி வாங்குங்கள். அப்பாவோடும் அப்பப்பாவின் வயதுள்ளவர்களோடும் இருந்து காட்டைப் பற்றி எழுதத் தொடங்குங்கள். பாலை எந்த மாதம் பூத்தது, எப்போது பழுத்தது, கரடி எந்தப் பக்கம் வந்தது. வீரைப்பழம் போன வருடத்தை விட முந்தியா பிந்தியா. கொம்புத்தேன் எந்த மரத்தில், பொந்துத்தேன் எதில். கச்சான் காற்று தொடங்கிய திகதி, முதல் காட்டுத்தீ தெரிந்த திகதி. எந்தக் குளம் எப்போது வற்றியது, அப்போது யானை எங்கே போனது. திகதி, இடம், சொன்னவரின் பெயர், மூன்றும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கட்டும். மரத்தின் ஊர்ப்பெயரோடு தாவரவியல் பெயரையும் தேடி எழுதுங்கள். பாலை என்றால் மணில்காரா ஹெக்சாண்ட்ரா, வீரை என்றால் ட்ரைபீட்டஸ் செபியாரியா, முதிரை என்றால் குளோரோசைலன் ஸ்விட்டேனியா. இரண்டு மூன்று வருடம் விடாமல் எழுதிய கொப்பி நேர்முகப் பரீட்சையில் உங்களுக்காகப் பேசும். பட்டப்படிப்பில் ஆய்வுக்கு உதவும். அப்பாவின் பெயரும் அதில் இருக்கும். தேன் இருக்கும் இடம், சடங்கு செய்யும் இடம் போன்ற, ஊர் வெளியே சொல்ல விரும்பாதவற்றை எழுதினாலும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். அந்த அறிவு ஊருக்குச் சொந்தம், நீங்கள் பொறுப்பாளர் மட்டும்.

இதெல்லாம் வேலைக்கு உதவுமா என்று கேட்பீர்கள். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரங்களில் கண்டல் என்ற உவர்நீர் மரங்களை நட்டார்களே, ஞாபகம் இருக்காது, நீங்கள் அப்போது கைக்குழந்தை. இலங்கையில் நட்டதில் பெரும்பகுதி செத்துப் போனது. பிழையான இனத்தைப் பிழையான மட்டத்தில் நட்டார்கள், நட்டபின் திரும்பியும் பார்க்கவில்லை. பனிச்சங்கேணிப் பக்கம் களப்பில் இறால் பிடிக்கும் ஒருவரைக் கேட்டிருந்தால், தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், எந்தக் கண்டல் எங்கே தானாக முளைக்கும் என்று சொல்லியிருப்பார். பிறகு பாடம் படித்து முறையை மாற்றிச் செய்த வேலைக்காக 2024 இல் ஐ.நா. இலங்கையின் கண்டல் மீட்பை உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. இனி இந்தத் துறையில் வேலைகள் வரும். நடுவதற்குக் கூலியாக மட்டும் போகாமல், எங்கே நடுவது என்று தீர்மானிப்பவராகப் போங்கள்.

இப்போது சட்டையைப் போட்ட பிறகு என்ன செய்வது என்பது. இதை மறைத்துப் பேச முடியாது. ஒருநாள் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் உங்கள் முன்னால் பிடிபட்டு நிற்பார். சொந்தக்காரர் வழக்கில் நீங்கள் கை வைக்கக் கூடாது, பிடிப்பதற்கும் கூடாது, விடுவதற்கும் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் கிழமையிலேயே, "இது என் ஊர், இவர்கள் என் உறவுகள், இவர்கள் சம்பந்தப்பட்டதை வேறு ஒருவர் பார்க்கட்டும்" என்று மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இது இரண்டு பக்கமும் உங்களைக் காப்பாற்றும். ஊருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், காட்டை அழிப்பது தேன் எடுக்கிறவர் அல்ல. இரவில் முதிரையும் பாலையும் ஏற்றிக்கொண்டு போகும் உழவு இயந்திரம்தான். அந்தப் பாதைகள் எவை என்று ஊருக்குத் தெரியும். அதைப் பிடிக்கத் துணியும் ஒரு உத்தியோகத்தரை மாமாமாரும் மதிப்பார்கள்.

சட்டத்துக்குள் இருக்கும் வழிகளையும் படியுங்கள். வனக் கட்டளைச் சட்டத்தில் கிராமக் காடு என்று ஒரு வகை இருக்கிறது. 2012 இல் அவுஸ்திரேலிய உதவியோடு தொடங்கிய சமூக வனவியல் திட்டத்தில், ஊர்ச் சங்கங்கள் வன இலாகாவோடு ஒப்பந்தம் எழுதிக் காட்டின் ஒரு பகுதியைப் பராமரித்தன. உங்கள் ஊரில் ஒரு சங்கம் பதிவு செய்து, தேன் பருவத்துக்கு அனுமதி கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உத்தியோகம் கிடைக்கும் முன்னமே இதைச் செய்யலாம், மாமாமாரையும் சங்கத்தில் சேருங்கள். அப்பா அடுத்த முறை கையில் ஒரு கடதாசியோடு காட்டுக்குள் போகட்டும்.

ஹோட்டல் வேலையைப் பற்றி. காடு காட்டுவது நல்ல தொழில், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. செய்வதென்றால் சுற்றுலா அதிகார சபையின் பிரதேச வழிகாட்டி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். அனுபவத்தால் கற்ற திறமையைச் சோதித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறையும் நாட்டில் உண்டு, பயிலுநர் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். ஆனால் அந்த உடுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களும் உங்கள் அப்பாவும் காட்டுக்குப் போகும்போது சாரமும் சேட்டும்தானே உடுத்துகிறீர்கள்? வெற்று மேலில் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு நில் என்று கேட்கும் முதலாளிக்கு உங்கள் அறிவு தேவையில்லை, படம் மட்டும்தான் தேவை. உங்கள் சொந்த உடுப்போடு, பறவையின் பெயரும் மரத்தின் பெயரும் சொல்லும் வழிகாட்டியாக எடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஓம் என்றால், உயர்தரம் எழுதும்வரை செலவுக்கு அது உதவும், ஆங்கிலமும் வரும். இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தங்கச்சிக்குச் சொல்லுங்கள்: சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நல்ல பெறுபேறாக இருக்க வேண்டும். உயர்தரத்துக்குக் கலைப்பிரிவுதான் பக்கத்தில் இருக்கிறது என்று அதில் போய் உட்கார வேண்டாம். உயிரியல் பிரிவு முடியாவிட்டால் உயிர்முறைமைகள் தொழினுட்பம் எடுக்கலாம். அதற்கு வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ போய்த் தங்க வேண்டி வரும். பொம்பிளைப் பிள்ளையை எப்படித் தனிய அனுப்புவது என்று அம்மா யோசிப்பார். விடுதி வசதியுள்ள பாடசாலை எது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் இப்போதே விசாரியுங்கள், பெறுபேறு வந்த பிறகு ஓடித் திரிந்தால் இடம் இருக்காது. நீங்கள் கொப்பி எழுதும்போது அவளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கும் மருந்துச் செடியும் பற்றி அம்மாவும் அம்மம்மாவும் சொல்வதை அவள் எழுதட்டும். அவற்றைப் பெண்கள்தான் நன்றாக அறிவார்கள், உங்களிடம் அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள்.